மூன்று நூல் குறைந்த பேஸ் கிட்டார்

என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்து “என்ன?” என்று கேட்பதை நிறுத்தி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. காது மந்தமாக ஆரம்பித்த புதிதில் எல்லாவற்றுக்கும் “என்ன? என்ன?” என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஸ்கூலில் நாற்பது பிள்ளைகளிடம் ஒரே சூத்திரத்தை நாலு தடவை சொல்லிவிட்டு வருகிறவள் நான். வீட்டிலும் அதே பாட்டா? ஒருநாள் அவர் மூன்றாவது தடவையாக “என்ன சொன்னே?” என்றபோது, “ஒண்ணுமில்ல, விடுங்க” என்று சொல்லிவிட்டேன். சொல்ல வந்தது என்னவோ பால் பாக்கெட் விஷயம்தான். நான் சொன்னது கேட்டிருக்காது. ஆனால் என் மூஞ்சியைப் பார்த்திருப்பார். அதற்குப் பிறகு அவர் கேட்கவே இல்லை.

அவரிடம் மூன்று பதில்கள்தான் மிச்சமிருந்தன. “ஆமா”, “சரி”, “நல்லா இருக்கு.” நான் பேசுகிறவரை என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார். நிறுத்தியதும் மூன்றில் ஒன்றை எடுத்து வைப்பார். சாம்பார் எப்படி என்றால் “நல்லா இருக்கு.” மாடித் தண்ணீர்த் தொட்டி ஒழுகுகிறது என்றாலும் “நல்லா இருக்கு.” என் தம்பிக்குச் சர்க்கரை ஏறி ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறார்கள் என்று ஒருமுறை சொன்னேன். சிரித்தபடி தலையை ஆட்டி “நல்லா இருக்கு” என்றார். எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. அப்புறம் சமையல்கட்டுக்குப் போய் அழுதேன். அந்த “ஒண்ணுமில்ல, விடுங்க”வைத் திரும்ப வாங்கிக்கொள்ள எனக்கு வழி தெரியவில்லை. அவர் மறுபடி ஒரு தடவை என்னைக் கேட்டால் போதும் என்று இருந்தது.

அவர் இன்சூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்த்தவர். அது சம்பளத்துக்கு. மனசுக்கு மெல்லிசைக் குழு. தாம்பரம், குரோம்பேட்டை, சேலையூர் என்று கல்யாண ரிசப்ஷன், கோயில் திருவிழா, சர்ச் ஆண்டுவிழா, எதையும் விடமாட்டார். பேஸ் கிட்டார் வாசிப்பார். கைதட்டல் எல்லாம் பாடுகிறவருக்கும் கீபோர்டுக்கும் போகும். பேஸ்காரரை மேடையில் யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். அதில் அவருக்கு வருத்தமே கிடையாது. “நான் நிறுத்தினாதான் நான் இருந்தது தெரியும்” என்பார். இருபத்தைந்து வருஷம் ஆள் உயர ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்திலேயே நின்றார். காது என்ன செய்யும், பாவம். ரிட்டயர் ஆன வருஷமே கிட்டாரைக் குழுவுக்குப் புதிதாக வந்தவரிடம் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு வந்தார். காது மிஷின் வாங்கிக் கொடுத்தேன். தட்டு வைத்தால் கத்தி விழுகிற மாதிரி இருக்கிறது என்று கழற்றி ஃபிரிட்ஜ் மேல் வைத்தார். அது அங்கேயே இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கிரைண்டரில் உளுந்து போட்டுவிட்டு, அடுப்பில் குக்கரை ஏற்றிவிட்டு, துணி எடுக்க மொட்டைமாடிக்குப் போனேன். அங்கே பக்கத்து வீட்டம்மாவிடம் பேச்சு வளர்ந்துவிட்டது. இறங்கி வந்தால் வீடெல்லாம் தீய்ந்த வாசனை. குக்கர் எத்தனை விசில் அடித்ததோ, பருப்பு அடிபிடித்துக் கரியாகியிருந்தது. மனுஷன் ஜலதோஷத்தில் மூக்கையும் அடைத்துக்கொண்டு, சமையல்கட்டு வாசலிலேயே நாற்காலி போட்டுப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். தெரு முழுக்கக் கேட்கிற விசில் இவருக்குக் கேட்கவில்லை. கத்துவதற்கு வாயைத் திறந்தேன். அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், “கிரைண்டரை நிறுத்திடு, மாவு ஆயிடுச்சு. சத்தம் மாறிடுச்சு பாரு” என்றார்.

திறந்த வாய் அப்படியே நின்றது. மூடியைத் தூக்கிப் பார்த்தேன். மாவு வெண்ணெய் மாதிரி பொங்கி நின்றது. முப்பது வருஷமாக அந்தக் கிரைண்டரோடு குடித்தனம் நடத்துகிற எனக்கே அந்தச் சத்தம் மாறுவது தெரியாது.

அன்றைக்கு மத்தியானமே பீரோவைக் குடைந்து, காது டாக்டர் கொடுத்த கிராஃபை எடுத்தேன். பெயர்தான் பிசிக்ஸ் டீச்சர்; கணவரின் கிராஃபை இரண்டு வருஷமாக ஒழுங்காகப் பார்த்ததில்லை. இடது பக்கம், அதாவது தாழ்ந்த சுருதிப் பக்கம், கோடு கிட்டத்தட்ட நேராகப் போகிறது. நடுவில் வந்ததும் மாடிப்படியில் கால் வழுக்கினவர் மாதிரி கீழே இறங்குகிறது. குக்கர் விசில் வலது பக்கம். பேச்சைப் பேச்சாக்குகிற மெல்லிய ஓசைகள் எல்லாம் வலது பக்கம். கிரைண்டர் இடது பக்கம். பேஸ் கிட்டாரின் தந்தி ஒவ்வொன்றும் இன்னும் இடது பக்கம். அதன் அடித் தந்திக்கு அந்த கிராஃபில் இடமே இல்லை, தாளின் ஓரத்துக்கு வெளியே போய்விடுகிறது. அப்படியானால் அவருடைய சங்கீதம் போகவில்லை. இவ்வளவு நாளாக எல்லாமே போய்விட்டது என்று நாங்கள் இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தோம்.

கொடுத்த கிட்டாரைத் திரும்ப வாங்கலாமா என்று யோசித்தேன். அது எலக்ட்ரிக். அதற்கு வயிறு கிடையாது, வெறும் பலகை. சத்தம் ஒயரில் போய்த் தூரத்தில் இருக்கிற பெட்டியில் வரும். அந்த ஸ்பீக்கர் பெட்டியை வீட்டுக்குள் விட்டால் இருக்கிற காதையும் தின்றுவிடும். எனக்கு வேண்டியது, அவர் மடியில் உட்கார்ந்து, விலா எலும்போடு ஒட்டி, மரத்திலிருந்து நேராக உடம்புக்குள் இறங்குகிற ஒன்று. வயிறுள்ள பேஸ் கிட்டார் என்று ஒன்று உண்டு. அகூஸ்டிக் பேஸ். டவுனுக்குப் போய் ஒரு கடையில் பார்த்தேன். தந்தியைத் தட்டினால் கொசு முனகுகிற மாதிரி இருந்தது.

“ஆம்ப் இல்லாம இதுல சவுண்டு வராது மேடம்” என்றார் கடைக்காரர்.

“ஏன் வராது?”

“வராது மேடம், அவ்ளோதான்.”

இந்த ‘அவ்ளோதான்’ எனக்கு ஆகவே ஆகாது. பஸ்ஸில் வரும்போதே யோசித்துவிட்டேன். தாழ்ந்த சத்தத்துக்கு நிறையக் காற்று வேண்டும். மேடையில் நின்று வாசிக்கிறவர் தூக்கிக்கொள்ள வசதியாக அவர்கள் வயிற்றைச் சின்னதாக்கிவிட்டார்கள். என் வீட்டுக்காரர் சோபாவில் உட்கார்ந்து வாசித்தால் போதும். வயிறு எவ்வளவு பெரிதாக இருந்தால் என்ன? அப்படி ஒன்றை யாரும் விற்கவில்லை என்றால் செய்துவிட வேண்டியதுதான். ஆழம் தெரியாமல் காலை விட்டேன் என்பது அப்புறம்தான் தெரிந்தது.

எங்கள் வீட்டுக் கப்போர்டு எல்லாம் செய்தது பம்மலில் பட்டறை வைத்திருக்கும் ஒரு ஆசாரி. என் வயதுதான் இருக்கும். மாடுலர் கிச்சனும் வார்ட்ரோபுமாக அவருக்கு மூச்சுவிட நேரம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மட்டும் பட்டறை சும்மா இருக்கும். நெட்டில் எடுத்த வரைபடத்தை அவருடைய மேஜையில் விரித்தேன். அதைத் தலைகீழாகவும் நேராகவும் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பொட்டி. உள்ள காத்து. மேல கம்பி. அவ்ளோதான டீச்சர்?”

“அவ்ளோதான்.”

“சாருக்கா? சார் இன்னா சொல்றார்?”

“அவர் ஒண்ணும் சொல்லமாட்டார். வீட்லயேதான் இருக்கார், இல்லாத மாதிரி இருக்கார்.”

ஏன் அவரிடம் அதைச் சொன்னேன் என்று தெரியவில்லை. வீட்டில் சொல்ல ஆளில்லாதவள், பட்டறையில் வாயைத் திறந்துவிட்டேன். அவர் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, “பண்ணிப்புடலாம்” என்றார்.

எட்டு மாதம் ஆயிற்று. ஒவ்வொரு ஞாயிறும் சாப்பாட்டுக் கடை முடிந்ததும் ஷேர் ஆட்டோ பிடித்துப் பம்மல் போவேன். எங்கே போகிறாய் என்று வீட்டுக்காரர் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. கேட்டால் சொல்ல ஒரு பொய்யைத் தயாராக வைத்திருந்தேன். அதற்கு வேலையே வரவில்லை. எட்டு மாதம் பெண்டாட்டி ஞாயிற்றுக்கிழமை தோறும் காணாமல் போகிறாள், தலையில் மரத்தூளோடு திரும்பி வருகிறாள், ஒரு கேள்வி கிடையாது. ஆத்திரமாக வரும். அந்த ஆத்திரத்தையெல்லாம் உப்புத்தாளில் காட்டித் தேய்த்தேன்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும், அந்த எட்டு மாதத்தைப் போல் நான் சந்தோஷமாக இருந்தது சமீபத்தில் இல்லை. இருபத்தெட்டு வருஷம் அலைகளைப் பற்றிப் போர்டில் கோடு போட்டவள், அலை உண்டாகிற பொருளைத் தொட்டதே இல்லை. மேல்பலகைக்கு லேசான, கெட்டியான மரம் வேண்டும். வெளிநாட்டு மிஷின் வருகிற பேக்கிங் பெட்டிகளை உடைத்து விற்கிற இடத்துக்கு ஆசாரி என்னைக் கூட்டிப்போனார். வெள்ளையாக, குளிர்நாட்டு மரம். ஒவ்வொரு பலகையையும் இரண்டு விரலால் தொங்கவிட்டு, விரல்கணுவால் தட்டிக் கேட்டேன். சிலது ‘டொக்’ என்று செத்துப்போகும். சிலது கொஞ்சநேரம் முனகிவிட்டு நிற்கும். கடைக்கார அம்மா, “இன்னாக்கா, பலாப்பழமா வாங்குற?” என்று கேட்டார். பலாவும் வாங்கத்தான் போகிறேன் என்றேன். பக்கங்களுக்கும் முதுகுக்கும் பலாமரம். வீணைக்கு ஆகிறது இதற்கு ஆகாதா?

அந்தப் பேக்கிங் பலகையை மூன்று மில்லிமீட்டராக இழைக்கச் சொன்னபோது ஆசாரி திகைத்துவிட்டார். முக்கால் இஞ்ச் ப்ளைவுட்டிலேயே வாழ்கிறவர்.

“இன்னா டீச்சர், கிட்டார் பண்றோமா, அப்பளம் போடுறோமா?”

“தடியா இருந்தா ஆடாது. ஆடலைன்னா சத்தம் வராது.”

“ஆடினா ஒடஞ்சுடாது?”

நல்ல கேள்வி. அதற்குப் பதில் தேடவே இரண்டு ஞாயிறு போயிற்று. உள்பக்கம் மெல்லிய சட்டங்களை ஒட்ட வேண்டும், கூரைக்குக் கைமரம் போடுகிற மாதிரி. நிறையப் போட்டால் ஊமையாகும், குறைத்துப் போட்டால் தந்தியின் இழுப்பில் உள்வாங்கும். சட்டத்தைச் சீவுவதும் தட்டிக் கேட்பதுமாக இருந்தோம். அவர் ஒரு சீவல் எடுப்பார், நான் தட்டுவேன், இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்போம். பலகையின் முனகல் ஒவ்வொரு சீவலுக்கும் கொஞ்சம் கீழே இறங்கும். “தோ, எறங்குது டீச்சர், எறங்குது!” என்று அவர் கத்துவார்.

பக்கப்பலகையை வளைக்க, இரும்புக் குழாயைச் சூடு பண்ணி, ஊறவைத்த பலாப் பட்டையை அதன்மேல் வைத்து அழுத்த வேண்டும். முதல் மூன்று பட்டை படீர் என்று ஒடிந்தது. ஒவ்வொன்று ஒடியும்போதும் ஆசாரி சொன்ன வார்த்தைகளை எழுத முடியாது. டீச்சர் நிற்கிறேன் என்று ஞாபகம் வந்ததும் நாக்கைக் கடித்துக்கொள்வார். நாலாவது பட்டை சூட்டில் இளகி, என் கையழுத்தத்துக்கு மெல்ல இடுப்பை வளைத்துக் கொடுத்தது. நான் குதித்தேன் என்று அவர் பிற்பாடு எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார். குதித்திருப்பேன்.

அப்புறம் அளவு. கழுத்தின் உச்சியில் தந்தி புறப்படுகிற இடத்திலிருந்து, கீழே வயிற்றின்மேல் தந்தியைத் தாங்குகிற ப்ரிட்ஜ் வரைக்கும் முப்பத்துநான்கு இஞ்ச். பெரிய பேஸுக்கெல்லாம் அதுதான் நீளம். விரல் அழுத்துகிற ஃப்ரெட் கம்பிகள் எங்கெங்கே பதிய வேண்டும் என்பது அந்த நீளத்திலிருந்துதான் கணக்காக வரும். பன்னிரண்டாவது ஃப்ரெட் சரியாகப் பாதியில், பதினேழு இஞ்சில் வர வேண்டும். கால்குலேட்டரும் கிராஃப் தாளுமாக உட்கார்ந்து இருபது கோடு போட்டேன். ஆசாரி அந்தத் தாளை ஈட்டிமரப் பட்டை மேல் ஒட்டி, ஒரு மயிரிழை பிசகாமல் ரம்பத்தால் கீறினார். வெர்னியர் வைத்து அளந்து பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை.

“மொத்தம் எவ்ளோ டீச்சர்?”

“முப்பத்துநாலு.”

டேப்பை இழுத்து, அந்த இடத்தில் கட்டைவிரலை வைத்துப் பார்த்தார். “முப்பத்தஞ்சா வெச்சுக்கலாமா?”

“அதெப்படி? இஷ்டத்துக்கு மாத்தற விஷயமா இது?” என்று ஆரம்பித்து, அரைமணி நேரம் பாடம் எடுத்தேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கிற பழக்கம் எனக்கு இல்லை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி டீச்சர்” என்றார். சரி என்று சொல்கிற ஆண்களை நம்பக்கூடாது என்று எனக்கு அதற்குள் தெரிந்திருக்க வேண்டும்.

அந்த வாரம் ஸ்கூலில் பரீட்சை. நான் வராத நேரத்தில் அவரே ப்ரிட்ஜை ஒட்டி வைத்துவிட்டார். அடுத்த ஞாயிறு போய் நாலு தந்தியும் மாட்டினோம். அடித் தந்தியைத் தட்டினேன். அடேயப்பா! சத்தம் காதில் விழுவதற்கு முன்னால் வயிற்றில் விழுந்தது. மேஜைமேல் இருந்த ஆணி டப்பா கிணுகிணுவென்று ஆடியது. ஆசாரி நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, “யம்மா, லாரி வர்ற மாரி கீதே!” என்றார். இரண்டு பேரும் பைத்தியம் மாதிரி சிரித்தோம்.

சிரிப்பு ஐந்து நிமிஷம்தான். போனில் சுருதி காட்டுகிற ஆப் வைத்திருந்தேன். தந்தியைச் சும்மா தட்டினால் முள் நடுவில் நிற்கிறது. முதல் ஃப்ரெட், சரி. மூன்றாவது, சரி. ஏழாவதில் முள் லேசாக வலது பக்கம் சாய்ந்தது. பன்னிரண்டாவதில் நன்றாகவே சாய்ந்துவிட்டது. நாலு தந்தியிலும் அதே கதை. மேலே போகப்போகச் சுருதி ஏறுகிறது. ஆப் தப்பா? தந்தி தப்பா? நான் போட்ட கோடு தப்பா? கணக்கை மறுபடி போட்டேன். சரியாக இருந்தது. எனக்கு வியர்த்துக்கொண்டே ஒரு குறுகுறுப்பு, தப்பு எங்கேயோ இருக்கிறது, கண்டுபிடிக்காமல் போகமாட்டேன் என்று. கடைசியில், அளக்கவே தேவையில்லை என்று நான் விட்டுவைத்த ஒன்றை அளந்தேன். உச்சியிலிருந்து ப்ரிட்ஜ் வரை. முப்பத்துநாலு இல்லை. மூன்று நூல் குறைகிறது. ஆசாரிகள் கணக்கில் எட்டு நூல் ஒரு இஞ்ச்.

நிமிர்ந்து பார்த்தேன். ஆசாரி இழைப்புளியைத் துடைத்துக்கொண்டிருந்தார். துடைக்க அதில் ஒன்றுமில்லை.

“இது எப்படி ஆச்சு?”

“நாந்தான் டீச்சர்.”

“தெரிஞ்சேவா?”

“முப்பத்துநாலு ஆவாது டீச்சர். மனையடில இன்னா போட்டுகீது? முப்பத்துநாலு வெச்சா வூட்ட வுட்டு ஓட்டும். முப்பத்துமூணு நல்லது, குடி ஒசரும். முப்பத்தஞ்சு கேட்டேன், நீங்க ஒத்துக்கல. அதான் கொஞ்சம் கொறைச்சு முப்பத்துமூணு கணக்குல சேத்துட்டேன். இன்னும் கொறைச்சிருப்பேன், உங்க கண்ணுக்குத் தெரிஞ்சுடும்.”

நான் தலையில் அடித்துக்கொண்டேன். “மனையடி சாஸ்திரம் வீட்டு ரூமுக்குங்க! இது வீடா?”

“சுத்தி செவுரு கீது. மேல கூரை கீது, கைமரம் போட்டோம். நடுவுல வாசலாட்டம் ஓட்டை. உள்ள காலி. வூடு இல்லாம இன்னா இது?”

“கிட்டாருக்கு யாராவது மனையடி பார்ப்பாங்களா?”

“உங்க வூட்டு ஹாலு பதினாறடி. நாந்தான கப்போர்டு அளந்தேன். அது எந்த பிசிக்ஸ்ல பாத்துக் கட்னீங்க?”

வீடு கட்டும்போது ஹாலுக்குப் பதினைந்து அடிதான் இடம் இருந்தது. மாமனார் மனையடி பார்த்துச் சமையல்கட்டில் ஒரு அடி திருடி ஹாலைப் பதினாறு ஆக்கினார். நான் வாயைத் திறக்கவில்லை, அன்றைக்கும் நான் பிசிக்ஸ் டீச்சர்தான். ஆசாரி குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார்: “சார் வூட்லயே இருந்துகினு இல்லாத மாரி கீறார்னு நீங்கதான சொன்னீங்க. அவர் மடியில போயி வூட்ட வுட்டு ஓட்ற அளவுல ஒண்ணைச் செஞ்சு குடுப்பனா?”

அதற்குமேல் எப்படிக் கத்துவது? கோபம் பாதியிலேயே நின்றுவிட்டது. ப்ரிட்ஜைச் சூடுபண்ணிப் பெயர்க்க முடியுமா என்று கேட்டேன். பெயர்த்தால் அப்பளப் பலகையும் சேர்ந்து வரும், நிச்சயம் சொல்ல முடியாது என்றார். எட்டு மாத வேலை. இரண்டு பேரும் அதைப் பார்த்துக்கொண்டே நின்றோம்.

“டீச்சர், ஒண்ணு சொல்றேன், தப்பா நெனைக்காதீங்க. சாருக்குத்தான் காது கேக்காதே. அவருக்கு இன்னா தெரியப் போவுது? அப்டியே குடுத்துடுங்க.”

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அதே நினைப்பு அவருக்கு முன்னால் எனக்கு வந்துவிட்டது. கீழே இருக்கிற நாலைந்து ஃப்ரெட்டில் வாசித்தால் ஒன்றும் தெரியாது, அதற்குமேல் அவர் போனாலும் இந்தக் காதுக்கு எங்கே தெரியப் போகிறது என்று மனசுக்குள் கணக்குப் போட்டு முடித்திருந்தேன். கிராஃபைப் பார்த்து அவருக்குக் கேட்கும் என்று கண்டுபிடித்தவளும் நான்தான். ஒரு தப்பை மூடிக்கொள்ள வேண்டும் என்றதும், அவருக்குக் கேட்காது என்று முடிவு செய்தவளும் நான்தான்.

பழைய போர்வையில் சுற்றி ஆட்டோவில் ஏற்றினேன். “இன்னாக்கா, வீணையா? வயித்தப் பாத்தா எட்டு மாசம் ஆட்டம் கீது” என்றார் ஆட்டோக்காரர். எட்டு மாசம்தான் என்றேன். பல்லாவரம் சிக்னலிலிருந்து குரோம்பேட்டை வரை அது ஒவ்வொரு குழிக்கும் போர்வைக்குள் ‘ம்ம்ம்’ என்று முனகிக்கொண்டே வந்தது. சிட்லபாக்கம் ஏரியைத் தாண்டும்போது மணி நாலரை இருக்கும். திரும்பிப் பட்டறைக்கே போய்விடலாமா என்று இரண்டு தடவை நினைத்தேன்.

அவர் ஹாலில் சோபாவில் இருந்தார். போர்வையைப் பிரித்து மடியில் வைத்தேன். என்னைப் பார்த்தார், அதைப் பார்த்தார். பலாமரத்தின் மஞ்சளைத் தடவினார். இடது கை தானாகக் கழுத்தைப் போய்ப் பிடித்தது. அடித் தந்தியை ஒரு தட்டுத் தட்டினார்.

முகம் மாறியது. எப்படி என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. தூங்கிக்கொண்டிருந்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட மாதிரி நிமிர்ந்தார். மறுபடி தட்டினார். குனிந்து, தாடையை மரத்தின் விளிம்பில் பதித்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு வாசிக்க ஆரம்பித்தார். மெதுவாக, நாலு நாலாக, ரிசப்ஷன் மேடையில் யாரும் கவனிக்காத அந்த நடை. சோபாவுக்கு எதிரில் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். கீழேயே வாசியுங்கள், மேலே போகாதீர்கள் என்று உள்ளுக்குள் வேண்டிக்கொண்டேன்.

விரல் மேலே ஏறியது. ஐந்து, ஏழு. பன்னிரண்டாவதில் வந்து நின்றது. கண்ணைத் திறந்தார். மறுபடி அதையே அழுத்தினார். நெற்றி சுருங்கியது. அடுத்த தந்தியில் பார்த்தார். அதற்கு அடுத்ததில் பார்த்தார். நான் அந்த மூன்று பதில்களில் ஒன்றுக்காகக் காத்திருந்தேன்.

“தப்பா இருக்கு” என்றார். “மேல ஏறுது. ப்ரிட்ஜ் முன்னாடி வந்துடுச்சு. அரை இஞ்ச் இருக்கும், இல்ல, கொஞ்சம் கம்மி. யார் பண்ணது? இதுகூடத் தெரியாமலா பண்ணாங்க?”

நான் அழுகிறேனா சிரிக்கிறேனா என்று எனக்கே தெரியவில்லை. அவர் கோபமாக இருந்தார். நல்லதுக்கும் கெட்டதுக்கும் தலையை ஆட்டிக்கொண்டிருந்த மனுஷன், உப்பில்லாத சாம்பாரைக் குறை சொல்லாத மனுஷன், என் முகத்துக்கு நேராக விரலை நீட்டி, “உனக்குத் தெரியலையா? நீ பிசிக்ஸ் டீச்சர்தானே?” என்று கேட்டார்.

“தெரியும்” என்றேன் மெல்ல.

“என்ன?”

“தெரிஞ்சுதான் கொண்டுவந்தேன்.”

“என்ன சொன்னே? எனக்குக் கேக்கல.”

“தெரிஞ்சுதாங்க கொண்டுவந்தேன்! உங்களுக்குக் கேக்காதுன்னு நெனச்சேன்!”

ஜன்னல் திறந்திருந்தது. எதிர்வீட்டம்மா பால்கனியில் கொடியில் போட்ட துணியை எடுக்காமல் நின்று பார்த்தார். பார்க்கட்டும். வீட்டுக்காரர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். புரிந்துவிட்டது. மடியிலிருந்த மரத்தின்மேல் உள்ளங்கையை வைத்தார்.

“இது கேக்குது” என்றார். “உன் குரல்தான் போயிடுச்சு எனக்கு. எவ்வளவு நாள்தான் உன்னைத் திரும்பத் திரும்பக் கேக்கறது? உனக்கும் கஷ்டம்தானே.”

எழுந்து போய் அவர் பக்கத்தில், தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்தேன். பம்மல் ஆசாரியிலிருந்து, பேக்கிங் பெட்டியிலிருந்து, முப்பத்துநாலு வீட்டை விட்டு ஓட்டும் என்பது வரைக்கும், எட்டு மாதக் கதையையும் அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி “என்ன?” என்றார். நான் ஒவ்வொரு வரியையும் திரும்பச் சொன்னேன்.